காக்கி போட்ட பெண்ணுக்கு எந்த வக்கீல்? காந்திநகர் அலுவலகம் ஒன்றைப் பற்றி

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. புகார் கொடுத்த பெண் போலீஸை இடமாற்றத்தாலும் சார்ஜ் மெமோவாலும் பழிவாங்கினால், அதை எதிர்த்து வழக்குப் போட பெங்களூர் காந்திநகரில் உள்ள இந்த வக்கீல் அலுவலகம் முதல் தரம். ஆனால் பாலியல் தொல்லையைப் பற்றி முதன்முதலாக வாய்திறக்கப் போகிற பெண்ணை நேராக இங்கே அனுப்ப மாட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் கர்நாடக போலீஸில் உதவி சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவள். அல்சூர்வாசி. அக்கா மகளும் இதே வேலையில்தான் இருக்கிறாள், பெங்களூரில் ஒரு நிலையத்தில் கான்ஸ்டபிள். அவளுக்குத் துணையாகத்தான் காந்திநகரில் உள்ள இந்த வக்கீல் அலுவலகத்தின் படி ஏறினேன். பெயரைக் கேட்காதீர்கள். வக்கீல்கள் விளம்பரம் தேடக் கூடாது என்று பார் கவுன்சிலின் 36ஆவது விதி சொல்கிறது, நான் பெயர் எழுதி அவர்களுக்குத் தலைவலி தேடித்தர வேண்டாம். அதைவிட முக்கியமான காரணம், பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013, பிரிவு 16. புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சி என யாருடைய அடையாளத்தையும், புகாரின் உள்ளடக்கத்தையும் வெளியிடக் கூடாது. ஆகவே அந்த அதிகாரி என்ன சொன்னார், எங்கே வைத்துச் சொன்னார் என்பதெல்லாம் இங்கே கிடையாது. அதற்குப் பிறகு வந்த காகிதங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இந்த அலுவலகத்தின் திறமையும் அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது.

நம் ஆட்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. வம்பு வந்ததும் கோர்ட் டியூட்டியில் பழகிய கிரிமினல் வக்கீலிடம் ஓடுவார்கள். அவர் நல்லவராக இருப்பார், பீஸ்கூடக் கேட்க மாட்டார். ஆனால் மாநில அரசு ஊழியரின் இடமாற்றமும் தண்டனையும் அவர் வாதாடுகிற மன்றத்துக்குப் போவதே இல்லை. கர்நாடகத்தில் 1986இல் அமைந்த மாநில நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். நேராக உயர் நீதிமன்றம் போனால் 'முதலில் அங்கே போய் வாருங்கள்' என்று திருப்பி அனுப்புவார்கள். 1997இல் சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி அது. தீர்ப்பாயம் முதலில், அதன் மேல் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு. எனக்குத் தெரிந்த ஒரு பெண், வக்கீல் கிரிமினல் ரிட் என்று அலைக்கழித்ததில் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான ஓராண்டுக் காலக்கெடுவைக் கோட்டைவிட்டாள். இந்த அலுவலகம் சர்வீஸ் வழக்கு, அதாவது அரசு ஊழியரின் பணி சம்பந்தப்பட்ட வழக்கு மட்டும்தான் எடுக்கிறது. அதற்கே ஒரு மதிப்பெண்.

கட்டடம் பழையது. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. என் முட்டிக்கு அது தனி விசாரணை. மேலே போனால் ஒரு குமாஸ்தா, இரண்டு பெஞ்ச், கோப்பு அடுக்கிய இரும்பு அலமாரிகள், உள்ளே பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் சீனியரின் அறை. சீனியர் ஒரு அம்மையார், மைசூர்ப் பக்கம். ஜூனியர் ஒரு தம்பி, கோலார் தங்கவயல்காரர், நல்ல தமிழ் பேசுகிறார். அக்கா மகளுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் மனசு உடைந்து பேசும்போது தமிழ்தான் வந்தது. அந்தத் தம்பி அதைக் கேட்டு உடனுக்குடன் ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டார்.

முதல் சந்திப்பில் சீனியர் அம்மையார் கதையே கேட்கவில்லை. "காகிதம் எங்கே?" என்றுதான் கேட்டார். அவள் பையிலிருந்து எடுத்த இடமாற்ற உத்தரவை வாங்கியதும் முதல் பக்கத்தைப் படிக்காமல் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே அவளுடைய கையெழுத்து இருந்தது. கையெழுத்துக்குக் கீழே 'மாலை 7.40' என்று எழுதியிருந்தாள். அம்மையார் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "இதை எழுதச் சொன்னது யார்?" என்றார். "சித்திதான்" என்றாள். நிலையத்தில் எந்த மெமோவில் கையெழுத்து வாங்கினாலும் தேதி நேரம் போடாமல்தான் வாங்குவார்கள், பிறகு வேண்டிய தேதியை அவர்களே போட்டுக்கொள்வார்கள். பயிற்சிப் பள்ளியிலிருந்து அவள் வந்த நாளிலேயே நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. விசாகா கமிட்டி, அதாவது பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் துறையின் உள் குழு, அவளைக் காலை பதினொன்றுக்கு விசாரித்திருக்கிறது. அன்று மாலை 7.40க்கு இடமாற்ற உத்தரவு கைக்கு வந்திருக்கிறது. அம்மையார் மஞ்சள் நிறத் தாளில் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் 'அவள் செய்தது', வலப்பக்கம் 'அவர்கள் செய்தது' என்று தலைப்பிட்டார். அடுத்த ஒரு மணி நேரம் தேதிகள் மட்டும்தான்.

அந்தத் தாள் நிரம்பியதைப் பார்த்தபோது எனக்கே வயிறு எரிந்தது. பிரசவ விடுப்பு 180 நாள் முடிந்து வந்தவளைக் கிரைம் குழுவிலிருந்து எடுத்து வரவேற்பு மேஜையில் உட்கார வைத்தார்கள். "கைக்குழந்தைக்காரிக்குக் கிரைம் எதற்கு?" என்பது காரணம். ஆனால் அதே கைக்குழந்தைக்காரியை இரவு ரோந்துக்கு மட்டும் அனுப்பலாமாம். இதைக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். பிறகு அந்தச் சொல்லக்கூடாத விஷயம், அதன் மேல் புகார். புகார் கொடுத்த வாரமே ரோல் காலுக்குப் பத்து நிமிடம் தாமதம் என்று மெமோ. அதே காலையில் அவளுக்குப் பின்னால் வந்த ஆண் கான்ஸ்டபிள் யாருக்கும் மெமோ இல்லை. ஐந்து வருடமாக 'மிக நன்று' வாங்கிய ஆண்டு ரகசிய அறிக்கை 'சராசரி' ஆனது. கடைசியாக, 'பொதுநலன் கருதி' தொலைதூர மாவட்டத்துக்கு மாற்றம். நாடு முழுக்கக் காவல்துறையில் பெண்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில்தான் இருக்கிறார்கள். 33 ஆக்குங்கள் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு நிலையத்தில் விரல்விட்டு எண்ணும் பெண்கள் இருந்தால், புகார் கொடுத்தது யார் என்பதை மறைக்கவா முடியும்? மறுநாள் ரோல் காலிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

அம்மையார் வழக்கை இரண்டாகப் பிரித்தார். அசிங்கமான பேச்சும் நடத்தையும் விசாகா கமிட்டியின் வேலை. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் போக வேண்டும். தக்க காரணம் இருந்தால் கமிட்டி இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அந்தப் பாதை அப்படியே போகட்டும். மெமோ, ரகசிய அறிக்கை, இடமாற்றம் மூன்றும் தீர்ப்பாயத்தின் வேலை. "அவர் பேசியதற்குச் சாட்சி வேண்டும், சாட்சி சொல்ல உங்கள் நிலையத்தில் எவனும் வரமாட்டான். ஆனால் பேசிய பிறகு அவர்கள் எழுதிய உத்தரவுகளுக்கு அவர்களே சாட்சி" என்றார். நான் எத்தனையோ வக்கீல்களைக் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

இன்னொன்றும் சொன்னார். நிலையங்களில் எவருக்கும் தெரியாத விஷயம் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். விசாரணை நடக்கும்போதே பாதுகாப்புக் கேட்கலாம், சட்டத்தின் பிரிவு 12 அதற்குத்தான். புகார் கொடுத்தவரையோ எதிர்த்தரப்பையோ வேறு இடத்துக்கு மாற்றவும், மூன்று மாதம் வரை விடுப்பு தரவும் கமிட்டி பரிந்துரைக்கலாம். அந்த விடுப்பு நம் கணக்கிலிருந்து கழியாது. 2013 விதிகளில் 8ஆவது விதி இன்னும் நல்லது. எதிர்த்தரப்பு அதிகாரி அந்தப் பெண்ணின் ரகசிய அறிக்கையை எழுதக் கூடாது, வேறொரு அதிகாரி எழுத வேண்டும் என்று கேட்க வழி செய்கிறது. போலீஸில் நம் குடுமி மாட்டியிருப்பதே அந்த அறிக்கையில்தான். ஆனால் இவை எதுவும் தானாக வராது, அந்தப் பெண் எழுத்தில் கேட்க வேண்டும். கமிட்டி இதை அவளிடம் சொல்லவே இல்லை. ஜூனியர் தம்பி அங்கேயே கன்னடத்தில் ஒரு பக்க மனு தட்டச்சு செய்து, கமிட்டிக்குக் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கச் சொன்னார்.

சரி, இடமாற்றம். இதில்தான் பல வக்கீல்கள் பொய்யான நம்பிக்கை தருவார்கள். இவர்கள் தரவில்லை. இடமாற்றம் என்பது அரசு வேலையோடு ஒட்டிப் பிறந்தது, கெட்ட நோக்கமோ விதிமீறலோ இல்லாமல் நீதிமன்றம் தலையிடாது என்று ஷில்பி போஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று முதலிலேயே எச்சரித்தார்கள். கெட்ட நோக்கத்தை நிரூபிக்கும் சுமை எவ்வளவு பெரியது என்பதற்குத் தங்கவயல் தம்பி நம் ஊர்க் கதையையே எடுத்தார். தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா, தம்மை மாற்றியது பழிவாங்கல் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1973இல் தோற்றார். ஆனால் அவர் தோற்ற அதே தீர்ப்பில்தான், தன்னிச்சையாக நடப்பதும் சமத்துவமும் ஜென்மப் பகையாளிகள் என்ற கருத்து வந்தது. இன்றுவரை அரசு ஊழியர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் வழக்காடுகிறார்கள். தலைமைச் செயலாளரே தோற்ற இடத்தில் கான்ஸ்டபிள் எப்படி ஜெயிப்பாள் என்று நான் கேட்டேன். "அம்மா, அவரிடம் 7.40 மணி இல்லை" என்றார் தம்பி. தண்டனைக்குப் பதிலாக இடமாற்றத்தைப் பயன்படுத்தினால் அந்த உத்தரவு செல்லாது என்ற சோமேஷ் திவாரி தீர்ப்பையும் மனுவில் சேர்த்தார்கள். 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில், டிஎஸ்பி அந்தஸ்து வரையிலான இடமாற்றங்களைக் காவல் பணியமைப்பு வாரியம் முடிவு செய்ய வேண்டும் என்று சொன்னார்கள் அல்லவா, அந்த வாரியக் கூட்டக் குறிப்பைத் தாக்கல் செய்யச் சொல்லிக் கேட்டது அம்மையாரின் யோசனை. ஒரே நாளில் முளைத்த இடமாற்றத்துக்குக் கூட்டக் குறிப்பு எங்கிருந்து வரும்?

தம்பிக்கு வாசிப்புப் பழக்கம் உண்டு போலிருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரப் போலீஸின் பெண் சார்ஜென்ட் மல்ட்ரோ போட்ட வழக்கைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. உளவுப் பிரிவில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவரை 2017இல் புதிய மேலதிகாரி எடுத்துவிட்டுச் சீருடைப் பணிக்கு அனுப்பினார், அந்த இடத்தில் ஓர் ஆணை வைத்தார். சம்பளமும் பதவியும் குறையவில்லை. ஆனால் வார நாள் வேலை போய் மாறும் ஷிப்ட் வந்தது, வீட்டுக்கு எடுத்துப் போகக் கொடுத்த காரும் போனது. கீழ் நீதிமன்றங்கள் இது பெரிய இழப்பில்லை என்று தள்ளின. 2024 ஏப்ரலில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், இழப்பு பெரிதாக இருக்க வேண்டியதில்லை, பாலினக் காரணத்தால் மாற்றியதில் ஏதோ ஒரு பாதிப்பு இருந்தாலே வழக்குப் போடலாம் என்று ஒருமனதாகச் சொன்னது. நம் தீர்ப்பாயத்தை அது கட்டுப்படுத்தாது, மனுவிலும் சேர்க்கவில்லை. ஆனால் அக்கா மகள் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிரைம் குழுவிலிருந்து வரவேற்பு மேஜைக்கு மாற்றியதை அதுவரை எல்லோரும் "சம்பளம் குறையவில்லையே, என்ன குறை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவள் புருஷன் உட்பட.

அன்று அவள் கேட்ட கேள்வி வேறு. "எஸ்பியாக இருந்த அம்மாவையே புகார் கொடுக்கப் போகும் வழியில் டோல்கேட்டில் நிறுத்தினார்களே, நான் எம்மாத்திரம்?" என்றாள். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்தது. சிறப்பு டிஜிபியாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது புகார் கொடுக்கச் சென்னைக்குப் போன பெண் எஸ்பியைப் பரனூர் சுங்கச்சாவடியில் மறித்தார்கள். அம்மையார் சொன்ன பதில் நியாயமானது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்று ஆண்டு சிறை கொடுத்தது, மறித்த விவகாரத்தில் இன்னொரு எஸ்பிக்கு 500 ரூபாய் அபராதம் விதித்தது. "மறித்ததும் குற்றமாகத்தான் நின்றது, பாருங்கள்" என்றார். ஐந்நூறு ரூபாய்தானே என்று எனக்குள் முனகிக்கொண்டேன். ஹெல்மெட் போடாமல் போனாலே நாங்கள் ஐந்நூறு எழுதுவோம்.

தாக்கல் செய்த விதத்தில் குறை சொல்ல முடியாது. கெம்பேகவுடா சாலையில் கந்தாய பவனில் தீர்ப்பாயம் இருக்கிறது. கன்னட ஆவணங்களுக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும், அதை இவர்களே ஆள் வைத்துச் செய்தார்கள். அவள் நிலையத்திலிருந்து விடுவிக்கப்படுவதற்குள் தடை வாங்கினால்தான் பலன். விடுவித்துவிட்டால் 'அவர் போய்விட்டாரே' என்று அரசு வக்கீல் சொல்லிவிடுவார். ஆகவே மருத்துவ விடுப்பு எடுத்துப் பதுங்கு என்று சக போலீஸ்காரர்கள் சொன்னார்கள். அம்மையார் அதைக் கண்டிப்பாக வேண்டாம் என்றார், தினமும் பணிக்குப் போய்க் கையெழுத்துப் போடச் சொன்னார். சரியான புத்திமதி. இடைக்காலத் தடை கிடைத்தது. எதிர்த்தரப்பைக் கேட்காமல் கொடுக்கும் தடை 14 நாளுக்கு மேல் தானாக நிற்காது என்பதால், எல்லா எதிர்மனுதாரருக்கும் நகல் சேர்த்த அத்தாட்சியை அந்தக் கெடுவுக்குள் தாக்கல் செய்துவிட்டார்கள். இந்த இடத்தில் சோம்பல்பட்டுத் தடையை இழந்த வழக்குகள் எனக்குத் தெரியும்.

இனி குறைகள்.

பெரிய குறை அந்தப் பிளைவுட் தடுப்பு. மேலே கூரை வரை போகவில்லை. உள்ளே பேசுவது பெஞ்சில் இருப்பவர்களுக்கு அப்படியே கேட்கும். சர்வீஸ் வக்கீலின் பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? எல்லாம் நம் துறைதான். ஒரு நாள் மாற்றுடையில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சட்டையும் பேண்டும் சாதாரணம், ஆனால் காலில் டிபார்ட்மென்ட் பழுப்பு ஷூ, பளபளவென்று பாலிஷ். சப்-இன்ஸ்பெக்டருக்கு மேல் என்று தெரிந்துவிட்டது. அரை மணி நேரமாக அந்தப் பேப்பரில் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. நான் எழுந்து போய் "சார் எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். அம்மையாரிடம் சொன்னபோது, பெண்களுக்கு ஞாயிறு காலை தனியாக நேரம் தருகிறேன் என்றார். தந்தார், உண்மைதான். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். முதன்முறை வருகிற பெண்ணுக்குக் கேட்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? மனதில் இருப்பதைக் கொட்ட வருகிறவளுக்கு இந்த இடம் ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான். அவள் முதலில் ஒரு பெண்கள் அமைப்பிடமோ நம்பகமான மூத்த பெண் அதிகாரியிடமோ பேசி, எழுதி முடித்துவிட்டு இங்கே வரட்டும்.

போன் எடுக்க மாட்டார்கள். வாய்தா தேதி கேட்டால் குமாஸ்தா 'பார்த்துச் சொல்கிறேன்' என்பார், சொல்ல மாட்டார். அமர்வு இல்லாத நாளில்கூட எங்களைக் கந்தாய பவன் வரை இழுத்திருக்கிறார். எதிரே போய் பைட்டூ காபி, ஒரு காபியை இரண்டாகப் பகிர்ந்து, குடித்துவிட்டுத் திரும்பினோம், லீவு போனதுதான் மிச்சம். சீனியர் முக்கியமான நாளில் மட்டும் நேரில் வருகிறார், மற்ற நாளெல்லாம் தம்பிதான். அதில் எனக்கு வருத்தமில்லை, தம்பிக்குக் கோப்பு மனப்பாடம். நகல் எடுக்கும் செலவுதான் கண்ணைக் கரித்தது. ஆறு செட், ஒவ்வொன்றும் கனமான புத்தகம்.

கட்டணம்: முதல் ஆலோசனைக்கு 1,500 ரூபாய். வழக்குக்கு 40,000, மூன்று தவணை, ரசீது உண்டு. நகல், மொழிபெயர்ப்பு தனி. கான்ஸ்டபிள் சம்பளத்தில் இது லேசான தொகையில்லை. ஆனால் இழப்பீடு 25 லட்சம் கேட்கலாமா என்று அவள் புருஷன் ஆசைப்பட்டபோது, தீர்ப்பாயத்தில் அப்படியெல்லாம் கிடைக்காது, கேட்டால் மனுவின் கனம் குறையும் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். பணத்துக்காக ஆசை காட்டாத வக்கீலுக்குக் கொடுக்கலாம். இன்னொன்று, 'சமாதானமாகப் போங்கள்' என்ற பேச்சை இவர்கள் எடுக்கவே இல்லை. எதிர்த்தரப்பிலிருந்து ஆள் வந்து அம்மையாரிடம் தூது பேசியதை அவரே எங்களிடம் சொல்லிவிட்டார். மறைத்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

இப்போதைய நிலை: இடமாற்ற உத்தரவைத் துறையே திரும்பப் பெற்று, அவளைப் பெங்களூரிலேயே வேறு நிலையத்தில் போட்டிருக்கிறது. அங்கே கிரைம் வேலை கிடைத்திருக்கிறது. தாமத மெமோவும் ரகசிய அறிக்கையும் இன்னும் வழக்கில் இருக்கின்றன. கமிட்டியின் அறிக்கை பற்றி எழுத எனக்கு அனுமதி இல்லை.

போகிறவர்கள் சனிக்கிழமை மாலை போகாதீர்கள், பெஞ்ச் நிரம்பி வழியும். ஞாயிறு நேரத்தை வாய்விட்டுக் கேளுங்கள். உத்தரவு வந்த கவரையும் கூடவே எடுத்துப் போங்கள், தபால் முத்திரைத் தேதி வேண்டியிருக்கும். அசல் காகிதம் எதைக் கொடுத்தாலும் பட்டியல் எழுதி குமாஸ்தாவிடம் கையெழுத்து வாங்குங்கள். நான் கேட்டபோது "என்ன அம்மா, எங்களையே சந்தேகப்படுகிறீர்களே" என்றார். முப்பது வருடம் போலீஸில் இருந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நேரத்தோடு.